கொலக்கம்பை கண் முகாமும் கூட்டத்தில் எழுந்த கேள்வியும்

குன்னூரில் சிம்ஸ் பூங்காவைப் பார்த்து முடித்தவர்கள் அடுத்து லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் என்று கிளம்பிவிடுகிறார்கள். பூங்காவை ஒட்டியிருக்கும் பாஸ்டர் நிறுவனத்தின் வாசலில் யாரும் நிற்பதில்லை. எனக்கு அந்த இடத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு. 1902ல் இந்த மலையில் ஓர் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்துபோனார். அன்றைக்குத் தென்னிந்தியாவில் அதற்குச் சிகிச்சை எங்கும் கிடையாது. வடக்கே கசௌலிக்குத்தான் போக வேண்டும், போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். அந்தச் சமயத்தில் ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்திருந்த நன்கொடையில் ஒரு பங்கு இங்கே வந்து சேர்ந்தது. 1907ல் நிறுவனம் திறக்கப்பட்டது. பிட்ஸ்பர்க்கில் எஃகுத் தொழிலில் சம்பாதித்த பணம், குன்னூரில் நாய்க்கடி பட்டவருக்கு ஊசி மருந்தானது.

இந்த முறை மலையேறியது சித்தப்பாவைப் பார்க்க. வங்கி வேலையில் ஓய்வு பெற்றபின் குன்னூரிலேயே தங்கிவிட்டவர், அங்குள்ள ஒரு ரோட்டரி சங்கத்தில் உறுப்பினர். "ஞாயித்துக்கிழமை கொலக்கம்பைப் பக்கம் கண் முகாம் வச்சிருக்கோம். ஊரைச் சுத்துறதுக்குப் பதிலா எங்ககூட வாயேன்" என்றார். சரி என்று கிளம்பிவிட்டேன்.

காலையில் சேலாஸ், தூதூர்மட்டம் தாண்டும்வரை பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. முகாம் நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே வாசலில் ஜனம். கம்பளிக் குல்லாவும் ஸ்வெட்டருமாக, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து நடந்தே வந்தவர்கள். வேலை நாளில் முகாம் வைத்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும், அதனால் ஞாயிறு தவிர வேறு நாளே வைப்பதில்லை என்று சித்தப்பா சொன்னார். இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில்தான் ஒரு சங்கத்துக்கு ஊரைத் தெரியுமா தெரியாதா என்பது தெரிந்துவிடும்.

முதல் மேஜையில் பெயர், வயது, எந்த எஸ்டேட். அடுத்து ஆறு மீட்டர் தள்ளி நிற்கவைத்துப் பார்வைச் சோதனை. படிக்கத் தெரியாதவர்களுக்குத் தனி அட்டை. அதில் இருக்கும் மூன்று கோடுகளும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று விரலால் காட்டினால் போதும். அப்புறம் ரத்த அழுத்தம், சர்க்கரை, கண்ணின் அழுத்தம், கண்ணீர்ப்பையில் சீழ் இருக்கிறதா என்ற சோதனை. சர்க்கரை கூடுதலாக இருந்தால் அதைக் குறைத்த பிறகுதான் ஆபரேஷன். இதைச் சொல்லி ஒரு பெரியவரைத் திருப்பி அனுப்பியபோது அவர் முகம் வாடிவிட்டது. சங்கத்துப் பெண்மணி ஒருவர் அவரை உட்காரவைத்து, மாத்திரைக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்து, எப்போது திரும்ப வர வேண்டும் என்பதை அவர் பேரனிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

வரிசையில் இருந்த ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தோட்டம். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்ப 1964ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பின்னால் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு நீலகிரிக்கு வந்த குடும்பம். அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் அரசு இந்த மலையில் தேயிலை போட ஆரம்பித்தது. இன்றைய டேன்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். அவர் வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். "இப்ப கொழுந்தும் முத்தின இலையும் ஒண்ணாத் தெரியுது தம்பி. கூடையில முத்தல் கலந்துச்சுன்னா எடையில கழிச்சிடுவாங்க" என்றார். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் ரொம்ப முற்றிவிட்டது.

அவரைப் போல ஆபரேஷனுக்குத் தேர்வானவர்களை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பஸ்ஸில் ஏற்றி, மலை இறங்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். மறுநாள் ஆபரேஷன், உள்ளே செயற்கை லென்ஸ், ஒரு பைசா செலவில்லை. ஒரு காலத்தில் அந்த லென்ஸ் இறக்குமதிச் சரக்கு, ஏழைகளுக்கு எட்டாத விலை. 1976ல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992ல் ஆரோலேப் என்ற பிரிவை வைத்து லென்ஸை மதுரையிலேயே தயாரிக்க ஆரம்பித்தது. விலை மளமளவென்று இறங்கியது. இன்றைக்கு மதுரை லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. இலவச முகாம் என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது.

அன்று மாலை சங்கத்தின் கூட்டம். டீயும் வடையும் வந்தன. வரவு செலவு வாசித்தார்கள். அடுத்த ஆண்டுக்கான திட்டங்களைப் பேசும்போது வெளிநாட்டு உதவிக்கான நிதி பற்றியும் பேச்சு வந்தது. ஓர் இளம் உறுப்பினர் எழுந்து கேட்டார்: "கொலக்கம்பையிலயே இத்தனை பேர் பார்வை இல்லாம இருக்காங்க. நாம எதுக்கு சார் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பணும்?" நியாயமான கேள்வி. எனக்கும் காலையிலிருந்து அதே நினைப்புதான். யாரும் அவரை அடக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் பேசியது சித்தப்பா. நாடு முழுவதும் பல்ஸ் போலியோ தொடங்கிய 1995லிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லைன் லைனாக, ஹட்டி ஹட்டியாக (படகர் ஊர்களை இங்கே ஹட்டி என்பார்கள்) போனவர் அவர். சொட்டு மருந்து கொடுத்துச் சுண்டுவிரலில் மை வைத்தவர். ரோட்டரி போலியோவைக் கையில் எடுத்தது 1979ல், பிலிப்பைன்ஸில். 1985ல் அதை உலகத் திட்டமாக்கினார்கள். 1988ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து இறங்கியபோது 125 நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 குழந்தைகளை அந்த நோய் முடக்கிக்கொண்டிருந்தது. இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரி 13 அன்று ஹவுராவில் கண்டறியப்பட்ட ஒரு சின்னப் பெண் குழந்தை. 2014 மார்ச் 27ல் போலியோ ஒழிந்தது என்ற சான்றிதழ் நமக்குக் கிடைத்தது. "நம்ம குழந்தைங்களுக்குப் போட்ட சொட்டு மருந்துல எந்தெந்த ஊர்க்காரன் காசு இருந்துச்சுன்னு நமக்குத் தெரியுமா? 2010ல தஜிகிஸ்தான்ல போலியோ பரவுச்சே, அந்தக் கிருமி நம்ம உத்தரப் பிரதேசத்துலேருந்து போனது. இங்க, அங்கன்னு பிரிச்சா நோய் பிரியாது" என்றார். இயல்பாகவே போலியோ பரவும் நாடுகளாக இன்று மிஞ்சியிருப்பவை பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும்தான்.

அப்புறம் கண் டாக்டர் பேசினார். காலையில் முகாமில் குனிந்த தலை நிமிராமல் கண் பார்த்தவர். ரோட்டரியின் உலகத் தலைவராக இருந்த சண்டிகரின் ராஜேந்திர சாபு 1998ல் உகாண்டாவுக்கு இந்திய மருத்துவர் குழுவைக் கூட்டிப்போனதிலிருந்து இப்படிக் குழுக்கள் ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நம் டாக்டர் போனது ருவாண்டா. "மலைச்சரிவு, தேயிலைத் தோட்டம், வரிசையா உட்கார்ந்திருக்கிற பாட்டிங்க. ஒரு நிமிஷம் கொலக்கம்பையிலதான் இருக்கேனோன்னு தோணுச்சு" என்றார். அங்கே தினமும் இருட்டும்வரை ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். உள்ளூர் இளம் மருத்துவர்களைப் பக்கத்தில் நிற்கவைத்துக் கற்றுக்கொடுத்ததுதான் தனக்குத் திருப்தி என்றார். குழு ஊர் திரும்பிய பிறகும் அங்கே கத்தி பிடிக்க ஒரு கை இருக்க வேண்டும் இல்லையா?

பணம் எப்படிப் போகிறது என்பதையும் விசாரித்தேன். ரோட்டரி அறக்கட்டளை 1917ல் உண்டானது, முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். இன்று கிளோபல் கிராண்ட் என்று ஒரு முறை இருக்கிறது. திட்டம் குறைந்தது 30,000 டாலர் மதிப்புள்ளதாக இருக்க வேண்டும், திட்டம் நடக்கும் நாட்டுச் சங்கமும் வேறொரு நாட்டுச் சங்கமும் கைகோக்க வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த விதி வேறு. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அந்த ஊர் மக்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதித் தர வேண்டும். பூட்டிக் கிடக்கிற கழிப்பறைகளையும், வடிகட்டி மாற்ற ஆளில்லாமல் நின்றுபோன குடிநீர் இயந்திரங்களையும் பள்ளிக்கூடங்களில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் பளிச்சென்று இருக்கும். முன்னாலேயே கேட்டிருந்தால், வருகிற வருடம் யார் பராமரிப்பது என்று பேசியிருந்தால், அந்தப் பணம் வீணாகியிருக்காது.

இளைஞர் முழுதாகச் சமாதானம் ஆனாரா என்று சொல்ல முடியாது. "முகாம் பணத்துல கை வைக்காம செய்யறதா இருந்தா எனக்குச் சம்மதம்" என்றார். அப்படியே தீர்மானம் ஆனது. முகாமுக்கான நிதி தனிக் கணக்கில் இருக்கும், உறுப்பினர்கள் கைக்காசில் சேர்கிற தொகையில் ஒரு பகுதி போலியோவுக்கு, இன்னொரு பகுதி டாக்டரின் அடுத்த ஆப்பிரிக்கப் பயணத்துக்கு வேண்டிய லென்ஸுக்கும் தையல் ஊசிகளுக்கும். மதுரையில் ஆர்டர் கொடுக்கும் பொறுப்பைக் கேள்வி கேட்டவரிடமே ஒப்படைத்தார்கள்.

கூட்டம் முடிவதற்குள் கொலக்கம்பை மறுபரிசோதனைக்கும் நாள் குறித்தாகிவிட்டது. ஒரு மாதம் கழித்து, அதுவும் ஒரு ஞாயிறு. ஹட்டன் அம்மாவுக்கு வலது கண்ணுக்குக் கண்ணாடி அளவு பார்க்க வேண்டும், இடது கண் ஆபரேஷனுக்குத் தேதி சொல்ல வேண்டும். சர்க்கரைக்காகத் திருப்பி அனுப்பிய பெரியவரின் பேரனுடைய கைபேசி எண்ணையும் சித்தப்பா அந்தப் பட்டியலில் எழுதிக்கொண்டார்.