கறப்பவரைக் கேளுங்கள்

கால்நடை ஆய்வாளர் வேலையில் ஊசி போடும் கையைச் சில மாதங்களில் பழக்கிவிடலாம். எதை யாரிடம் கேட்பது என்பது பிடிபடத்தான் காலம் ஆகிறது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வண்டியை நிறுத்தியதும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர் எழுந்து வந்து மாட்டைப் பற்றித் தாமே சொல்லத் தொடங்கிவிடுவார். மாடு வாங்கிய விலை, பிடித்துவந்த சந்தை, போன ஈற்றில் கறந்த பாலின் அளவு ஆகியவற்றில் அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நேற்று மாலை தீவனத்தை மிச்சம் வைத்ததா, எத்தனை மணியிலிருந்து கத்துகிறது, சாணி எப்படிப் போட்டது என்று கேட்டால் மட்டும் அவர் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுப்பார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அப்போது வெளியே வருபவரிடம்தான் என் வேலைக்கு வேண்டிய செய்தி இருக்கிறது.

எங்கள் பணியின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். கால்நடை மருந்தகத்தில் மருத்துவர் இருக்கிறார். கிளை நிலையத்தில் ஆய்வாளர் இருக்கிறார். நோயைக் கண்டறிந்து மருத்துவம் பார்ப்பது மருத்துவரின் பொறுப்பு. சினை ஊசி, தடுப்பூசி, முதலுதவி, பதிவேடு, கணக்கெடுப்பு ஆகியவற்றோடு, ஊரில் நடப்பதை மருத்துவருக்கு நேரத்தோடு தெரிவிப்பது எங்கள் பொறுப்பு. ஊரார் எங்களையும் ‘மாட்டு டாக்டர்’ என்றே அழைக்கிறார்கள். மறுத்து மறுத்து அலுத்துப்போனவர்கள் எங்களில் பலர்.

கேட்பதில் கவனம் மிகவும் தேவைப்படுவது, காளையின் விந்தைச் செலுத்திச் சினைப்படுத்தும் சினை ஊசியில்தான். பசுவுக்குச் சினைப்பருவம் ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை வருகிறது. பருவ அறிகுறிகள் பொதுவாக 12 முதல் 18 மணி நேரம் வரை தெரியும். அவை அடங்கி 10 முதல் 12 மணி நேரம் கழித்தே கருமுட்டை வெளிப்படுகிறது. அதனால்தான் காலையில் பருவம் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். கண்ட நேரமும் தொடங்கிய நேரமும் ஒன்றாக இருக்கும்போது இந்தக் கணக்கு ஒழுங்காக வேலை செய்யும். வீட்டுக்காரர் ஏழு மணிக்கு எழுந்து தொழுவத்தை எட்டிப் பார்த்து, ‘இப்பத்தான் சார் கத்த ஆரம்பிச்சது’ என்று தொலைபேசியில் சொல்வார். நான்கு மணிக்குக் கறவைக்கு உட்கார்ந்த அவர் மனைவியைக் கேட்டால், முதல் நாள் இரவு ஊர் அடங்கியதிலிருந்தே மாடு யாரையும் தூங்கவிடவில்லை என்பது தெரியவரும். இரண்டுக்கும் இடையே உள்ள ஒன்பது, பத்து மணி நேரம், ஊசியை மாலைக்குத் தள்ளுவதா உடனே போடுவதா என்பதையே மாற்றிவிடும்.

எங்கள் பக்கத்தில் எல்லாமே அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. உறைவிந்துக் குச்சி திரவ நைட்ரஜனுக்குள் சுழியத்துக்குக் கீழ் 196 டிகிரியில் கிடக்கிறது. அதில் இருப்பது கால் மில்லி. வெளியே எடுத்ததும் 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 30 நொடி வைத்து, துடைத்து, விந்து செலுத்தும் துப்பாக்கி என்ற கருவியில் ஏற்றித் தாமதமின்றிச் செலுத்திவிட வேண்டும். இவ்வளவு துல்லியத்தையும் காப்பாற்றிக்கொண்டு வந்து, தவறிய வேளையில் ஊசியைப் போட்டால் பலன் இல்லை. ஒரு பருவம் வீணானால் அந்த வீட்டுக்கு மூன்று வாரத் தீவனமும், அடுத்த ஈற்றின் பாலில் மூன்று வாரமும் போகின்றன. பிறகு ஊசியில் மருந்தே இல்லை என்று ஊரில் பேச்சு எழும்.

ஆகவே ‘பருவத்துக்கு வந்துவிட்டதா’ என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். அதற்கு ‘ஆமாம்’ என்ற பதில் மட்டுமே வருகிறது. ராத்திரி படுத்ததா, நேற்று அந்திக் கறவையில் பால் எவ்வளவு குறைந்தது, கண்ணாடி போன்ற வழவழப்பான திரவம் வாலில் ஒட்டியிருந்ததை முதலில் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்கிறேன். பல மாடுகள் உள்ள இடத்தில், மற்றொரு மாடு மேலே ஏறும்போது விலகாமல் நிற்பதே உறுதியான அறிகுறி. ஒற்றை மாட்டை வைத்துப் பிழைக்கும் வீட்டில் அதற்கு வழியில்லை. அங்கே பாலும் வாலும் குரலும்தான் சாட்சி. எருமையோ பலமுறை கத்தாமலேயே பருவத்தைக் கடத்திவிடும், அதுவும் கோடையில் இரவு நேரத்தில். எருமை வைத்திருப்பவர்களில் கறக்கும் பெண்ணைத் தவிர வேறு யார் சொல்வதையும் நான் முழுதாக நம்புவதில்லை.

பருவம் முடிந்து ஓரிரு நாளில் சில பசுக்களுக்கு இலேசாக இரத்தம் கசியும். அதைப் பார்த்துப் பதறி, உடனே வந்து ஊசி போடுங்கள் என்று அழைப்பவர்களும், போட்ட ஊசி நிற்கவில்லை என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. ஊசி போடாத மாடாக இருந்தால் பருவம் கடந்துவிட்டது என்று பொருள். போட்ட மாடாக இருந்தால் அந்தக் கசிவைக் கொண்டு சினை நின்றதா இல்லையா என்று சொல்ல முடியாது. இரத்தம் கண்ட நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு, பதினேழாம் நாளிலிருந்து மாட்டைக் கவனித்து வரச் சொல்வேன். நாட்காட்டி அடுப்படிச் சுவரில் மாட்டியிருக்கும் வீடுகளில் இந்த யோசனை நன்றாகப் பலிக்கிறது.

கோமாரித் தடுப்பூசி முகாமிலும் இதே பாடம்தான். 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிறோம். மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டியிருப்பதால், பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு தெருவில் நின்று வாதம் செய்ய நேரம் கிடையாது. ‘ஊசி போட்டா பால் வத்திரும்’ என்ற எதிர்ப்பு ஒவ்வொரு முறையும் வரும். ஓரிரு நாள் பால் சற்றுக் குறையலாம் என்பது உண்மை, அதை மறைக்கக் கூடாது. சங்கத்துப் பால் அட்டை யார் பெயரில் இருந்தாலும், குறைந்த அரை லிட்டருக்கும் அந்த வாரத்துக் குழுக் கடன் தவணைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் மாட்டைக் கறக்கும் பெண்தான். ஆகவே அவருடைய மறுப்பை அறியாமை என்று ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கோமாரி வந்தால் வாயும் குளம்பும் புண்ணாகிப் பால் நெடுநாள் திரும்பாது, கன்று இதயம் பாதிக்கப்பட்டுத் திடீரென விழும் என்று அவரிடமே நேராகச் சொன்னால், பெரும்பாலும் அவரே மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வயதான ஆத்தாமார்களுக்கு வெக்கை நோய் நினைவிருக்கும். மந்தை மந்தையாக மாடுகளைக் கொண்டுபோன அந்த நோய் இன்று எங்கும் இல்லை. தடுப்பூசியால் அதை ஒழித்துவிட்டதாக 2011-ல் உலக அளவில் அறிவித்துவிட்டார்கள். துண்டறிக்கை செய்யாத வேலையை இந்த ஒரு பேச்சு செய்கிறது.

முகாமின் நேரத்தையும் வீட்டுக்காரரைக் கேட்டு வைக்கக் கூடாது. அவர் ‘பத்து மணிக்கு வாங்க’ என்பார். அந்நேரம் பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள்; அந்நியர் கை பட்டால் உதைக்கும் மாட்டைப் பிடிக்க ஆள் இருக்காது. காலைக் கறவை முடிந்து, அவர்கள் மண்வெட்டியை எடுப்பதற்குள் ஊரை முடித்துவிட வேண்டும். பிப்ரவரியில் நடக்கும் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு இன்னும் முன்னதாகவே போக வேண்டும். பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் அதன் பிறகு எந்த ஆய்வாளராலும் நாட்டுக்கோழியைப் பிடிக்க முடியாது. கோழி முழுக்க முழுக்கப் பெண்களின் சொத்து. விற்ற காசும் அவர்கள் முந்தானையில்தான் முடியப்படுகிறது. அதனால் அந்த முகாமில் ஆண்கள் குறுக்கே வருவதே இல்லை, வேலையும் சீக்கிரம் முடிகிறது.

கன்றுகளுக்கான கருச்சிதைவு நோய்த் தடுப்பூசியைப் பற்றிப் பேசும்போது கூடுதல் அக்கறை வேண்டும். நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒருமுறை போடும் ஊசி அது. அந்த நோய் மனிதர்க்கும் தொற்றக்கூடியது. நோயுள்ள மாடு கன்றை வீசினாலோ ஈன்றாலோ, நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்துப் போடுபவருக்கு விட்டு விட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியுமாக அது வெளிப்படலாம். எடுத்துப் போடுபவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள் என்று திண்ணையில் சொல்லிவிட்டு வந்தால் அது தொழுவம் வரை போய்ச் சேராது.

இதையெல்லாம் வைத்து, பெண்ணைத்தான் கேட்க வேண்டும் என்று விதி எழுதிவிட முடியாது. கிடை ஆட்டில் ஆள் மாறுகிறது. ஆட்டுக்குச் சொந்தக்காரர் ஊரில் இருப்பார். ஆட்டோடு வெயிலில் திரிந்து இரவில் கிடையில் படுத்தெழுபவர் வேறொருவர், பல நேரங்களில் மீசை முளைக்காத பையன். நேற்றுவரை நன்றாக மேய்ந்த ஆடு விடியும்போது செத்துக் கிடந்து, மூக்கிலோ ஆசனவாயிலோ கருத்த, உறையாத இரத்தம் கசிந்திருந்தால் ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பானாக இருக்கலாம் என்ற ஐயம் முதலில் வர வேண்டும். அந்த உடலை அறுக்கவோ தோலை உரிக்கவோ கூடாது. உள்ளிருக்கும் கிருமி காற்றுப் பட்டால் வித்தாக மாறிப் பல பத்தாண்டுகள் மண்ணிலேயே கிடக்கும். மருத்துவர் வரும்வரை நாய், காகம் அண்டாமல் பார்த்துக்கொண்டு, அவர் சொன்னபடி ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். செத்த ஆட்டைக் குறைந்த விலைக்காவது கறிக்குத் தள்ளிவிடலாமா என்று சொந்தக்காரர் யோசிக்கும் நேரத்தில், இரத்தம் இருந்ததா என்பதற்கு உண்மையான பதில் அந்தப் பையனிடம்தான் இருக்கும். விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டமும், நோய் இருப்பதாக ஐயுற்றால் தெரிவிக்கும் கடமையை உரிமையாளரோடு நிறுத்தாமல், விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கும் சேர்த்தே விதிக்கிறது. சட்டம் எழுதியவர்கள் எங்கோ ஒரு கிடையைப் பார்த்திருக்க வேண்டும். காது வில்லையின் 12 இலக்க எண்ணைப் பதிவேற்றும்போது கேட்கப்படுவது உரிமையாளரின் பெயரும் கைபேசி எண்ணும் மட்டுமே. பராமரிப்பவரின் எண்ணை என் சொந்தக் குறிப்பேட்டில் தனியாக எழுதிவைக்கிறேன்.

மதுரைக்காரர் மாட்டைப் பற்றி எழுதிவிட்டுச் சல்லிக்கட்டைத் தொடாமல் போனால் நண்பர்கள் விடமாட்டார்கள். அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் களத்துக்கு வரும் காளைகளை முன்னதாகப் பரிசோதிக்கும் மருத்துவர்களுக்கு நாங்கள் உதவியாக நிற்கிறோம். பத்து இளைஞர்கள் கயிறு பிடித்தும் அடங்காத காளை, வீட்டில் தண்ணீர் காட்டும் பெண் வந்து கழுத்தைத் தடவியதும் வாயைத் திறந்து பல்லைக் காட்டுவதை அங்கே ஆண்டுதோறும் பார்க்கலாம். மேற்கொண்டு அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

மடிநோய்க்குச் செலவில்லாத ஒரு முறையைக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் பரப்பியிருக்கிறார்கள். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, தண்ணீரில் கரைத்து, பீய்ச்சிச் சுத்தம் செய்த மடியில் ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து முறை வீதம் ஐந்து நாள் தடவ வேண்டும். மடி கல்லாக வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வேன். வீட்டுக்காரர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். அந்த அம்மாளோ, ‘பத்துத் தடவைக்கு எனக்கு எங்க சார் நேரம்?’ என்று கேட்பார். நியாயமான கேள்வி. அவர் வேலைக்குப் போகுமுன் மூன்று முறை, வந்தபின் மூன்று முறை என்று பிரித்துக்கொடுத்துவிட்டு, பகலில் தடவ வேண்டியதைத் திண்ணையில் இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் காதில் விழும்படியே சொல்லிவிட்டு வண்டியை எடுப்பேன்.