வைகை கடலைத் தொடும் நாட்கள்

நவம்பர் 19, ஆற்றங்கரை கிராமம்

ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைந்து உபரித் தண்ணீர் இறங்கிவிட்டது. வைகை பாக் விரிகுடாவைத் தொடுவது எல்லா வருஷமும் வாய்ப்பதில்லை. இருட்டோடு கிளம்பிப் போனேன். வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்த மாமா நீளக் கொடுக்குள்ள ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "சிங்கி எறான்னு நெனைச்சுராதீங்க தம்பி. ஆத்து எறா. தண்ணி வந்தாத்தான் இதுவும் வரும்."

நவம்பர் 20

மாதிரி சேகரிக்க வந்த கல்லூரித் தம்பி ஒருவர் இந்த ஆற்று இறாலைக் கிரேஃபிஷ் (சிங்கி இறால் போன்ற நன்னீர்ப் பிராணி) என்று எழுதியிருந்தார். இந்திய ஆறுகளில் கிரேஃபிஷ் இயற்கையாகக் கிடையாது. அது வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, மடகாஸ்கர் பக்கத்துப் பிராணி. காலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: கிரேஃபிஷுக்குப் பெரிய கொடுக்கு முதல் ஜோடிக் காலில், நம் ஆற்று இறாலான மேக்ரோபிராக்கியத்துக்கு இரண்டாவது ஜோடியில்.

பிழைப்பிலும் பெரிய வித்தியாசம் உண்டு. கிரேஃபிஷ் குஞ்சு பொரிக்கும்போதே தாயின் சிறு உருவம். ஓடையிலேயே வாழ்ந்து முடித்துவிடும். மேக்ரோபிராக்கியத்தில் பல இனங்களின் இளம்புழுவுக்கு உவர்நீர் வேண்டும். சினைத் தாய் ஆற்றோடு இறங்கி வர, வளர்ந்த குஞ்சு எதிர்நீரில் ஏறிப் போக வேண்டும். வழியில் பார்த்திபனூர் மதகணை நிற்கிறது. ஆறு கடலைச் சேராத வருஷம் இவற்றுக்கு என்ன ஆகும் என்பதுதான் என் கவலையெல்லாம்.

நவம்பர் 22

சினை இறால் கிடைத்தது. வயிற்றடியில் நீச்சல் கால்களுக்கிடையே கொத்துக் கொத்தாக முட்டை. ஆரஞ்சு நிறம் போய்ச் சாம்பல் பூத்திருந்தது. லென்ஸில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கரும்புள்ளியாகக் கண் தெரிந்தது. பொரிக்கும் தறுவாய். அதைத் தண்ணீரிலேயே விட்டேன். ஆண் ஒன்றை மட்டும் கெடாமல் இருக்க எத்தனால் சாராயத்தில் இட்டேன். ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுக்கும் என்பதால் அதைத் தொடுவதில்லை.

துண்டுச் சீட்டைப் பென்சிலில் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே போட்டேன். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும். இடம், தேதி, தண்ணீரின் உப்பு: ஆயிரத்துக்கு 12. சீட்டில்லாத இறால் எத்தனை அழகாக இருந்தாலும் ஆராய்ச்சிக்கு உதவாது. இன்று இங்கே நன்னீர் கடலோடு கலந்தது என்பதற்கு இந்தப் பாட்டிலும் ஒரு சாட்சி.

நவம்பர் 27

வரத்து குறைந்து, முகத்துவாரத்தில் மணல் ஏறுகிறது. உப்பு 30. மாமா வலையில் மடவை மீன்தான்.

பார்த்திபனூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மதகின் ஈரச் சுவரில் இரவில் சின்ன இறால் குஞ்சுகள் தொற்றி ஏறுவதைக் கண்டால், பிடிக்க வேண்டாம். படம் எடுத்து, தேதியும் இடமும் குறித்து எனக்கு அனுப்புங்கள்.