ஏழெட்டுப் பேர் போதும்

நீண்ட விடுமுறை வந்தால் கொழும்பிலிருந்து பேருந்து நிறைய ஆட்களைத் திரட்டிக்கொண்டு காட்டுக்கும் மலைக்கும் செல்வதை நாம் கைவிட வேண்டும். 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட சிங்கராஜ மழைக்காட்டில், பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாய் இரைதேடி நகரும் அரிய காட்சி, அட்டை கடித்தாலும் அலறாமல் நிற்கும் ஏழெட்டுப் பேருக்கே வாய்க்கும். மலைநாட்டின் உச்சியிலுள்ள ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவின் நுழைவாயிலில் தண்ணீர்ப் போத்தலின் பிளாஸ்டிக் லேபிளைக்கூடக் கிழித்தெடுக்கிறார்கள். மிகச் சரியான கண்டிப்பு அது. மகாவலி, வளவை ஆறுகள் மட்டுமல்ல, கொழும்பின் குழாய்களுக்கு நீர் தரும் களனி ஆறும் அந்த மலைப்பகுதியிலிருந்தே நீர் பெறுகிறது. வழிகாட்டியாக அந்தந்த ஊரவரையே அமர்த்துங்கள். அவர்களின் கூலியில் பேரம் பேசாதீர்கள்.