கோதுமை மணி பல்பும் எண்ணெய்ச் சொட்டும்

அட்டையிலும் மெல்லிய மரப்பலகையிலும் ஒரு சிறிய ரயில் நிலையம் செய்துவருகிறேன். நடைமேடையில் எட்டு விளக்குக் கம்பங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் கோதுமை மணி அளவே உள்ள 12 வோல்ட், 50 மில்லிஆம்பியர் இழை பல்பு. எல்இடி வைத்திருந்தால் வேலை எளிது. ஆனால் அணைக்கும்போது இழை சிவந்து அடங்கும் அந்தக் கணம் எனக்கு வேண்டும். அதை எல்இடி தராது.

வீட்டில் பழைய 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருந்தது. அது தருவது ஏசி, அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். இழைக்குத் திசை ஒரு பொருட்டல்ல. மின்சாரம் எந்தப் பக்கமிருந்து பாய்ந்தாலும் சூடாகும். எட்டு பல்புகளையும் இணைத்து அளந்தேன்: 13.6 வோல்ட். இரண்டை மட்டும் விட்டுவைத்தால் 14.2. டிரான்ஸ்ஃபார்மரின் மேல் எழுதியிருக்கும் 12 என்பது முழுச் சுமையில் கிடைக்கும் அளவு. சுமை குறைந்தால் மின்னழுத்தம் ஏறிவிடும், சிறிய டிரான்ஸ்ஃபார்மர்களில் இது கூடுதலாகவே தெரியும்.

கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கைபேசியில் படம் பிடித்தபோது ஒளி துடித்தது. 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு நூறு முறை சுழியைக் கடக்கிறது. தடித்த இழை அந்த இடைவெளியில் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். மயிரிழை போன்ற இந்த இழை அதற்குள் சற்றே ஆறிவிடுகிறது.

ஒரே திசையில் பாயும் டிசிக்கு மாறலாம் என்று, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டுமே விடும் டையோடுகள் நான்கை இணைத்து, மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் போட்டு, இரண்டு பல்புகளை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். நடைமேடை பகல்போல் வெளுத்தது. முதல் மாலை அதன் அழகில் மயங்கி அளக்காமல் விட்டுவிட்டேன். மறுநாள் மாலை ஒரு பல்பின் கண்ணாடி உட்புறம் புகைபிடித்ததுபோல் கறுத்து, இழை அறுந்துவிட்டது. அப்போதுதான் மல்டிமீட்டரை வைத்தேன்: ஏறக்குறைய 18 வோல்ட்!

ஏசியில் நாம் சொல்லும் அளவு, அதே வெப்பத்தைத் தரும் டிசியின் அளவு. அலையின் உச்சம் அதைப்போல் 1.41 மடங்கு. கெப்பாசிட்டர் அந்த உச்சம் வரை நிரம்பி, அங்கேயே நிற்கப் பார்க்கும். 14.2 இருபதாகி, டையோடுகளில் சற்று இழந்து, பதினெட்டாக வந்திருக்கிறது. இழை பல்பின் ஆயுள் மின்னழுத்தத்தின் ஏறத்தாழ பன்னிரண்டாம் படியில் குறையும் என்பது நெடுநாளைய கணக்கு. ஒன்றரை மடங்கு கொடுத்தால் ஒளி நான்கு மடங்கு, ஆயுளோ நூறில் ஒரு பங்குகூட இல்லை. பல்பைக் கொன்றது டிசி அல்ல, அந்தப் பதினெட்டு வோல்ட்.

இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அதை நிமிர்த்தி வைத்தேன். இரு பக்கமும் 20 சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொரு பல்பு: ஒன்றுக்கு டிரான்ஸ்ஃபார்மரின் ஏசி 14.2, மற்றதற்கு, நண்பரிடம் இரவல் வாங்கிய, மின்னழுத்தத்தை மாற்றும் வசதியுள்ள டிசி பெட்டி. இருட்டில் ஏசி பக்கமிருந்து பார்த்தால் எண்ணெய்க் கறை கருமையாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் ஒளி மிகுதி என்று பொருள். டிசியின் திருகை மெல்ல ஏற்றினேன். கறை மங்கி, மங்கி, ஓரிடத்தில் தாளோடு தாளாகக் கரைந்துபோனது. மீட்டரில் 14.1. பல்புகளை இடம் மாற்றிப் பார்த்தபோது 14.3. அன்றிரவு எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அதே ஏற்பாட்டில் ஏசி பக்கம் ஒரே ஒரு டையோடைப் போட்டேன். ஒளி குறைந்து, துடிப்பு வெறும் கண்ணுக்கே தெரிந்தது. மல்டிமீட்டரின் டிசி அளவு 6.3 என்றது; கறையோ 9.7இல்தான் மறைந்தது. டிசி அளவில் மீட்டர் காட்டுவது சராசரி. பல்பு எரிவது வெப்பக் கணக்கில். அரை அலையில் இரண்டும் ஒத்துப்போகாது.

இப்போது 12 வோல்ட் டிசி அடாப்டருக்கு வந்துவிட்டேன். முதலில் போட்ட 1 ஆம்பியர் அடாப்டர் மின்னி மின்னி அணைந்தது. எரியும்போது 240 ஓம் இருக்கும் பல்பு, குளிர்ந்த நிலையில் 25 ஓம்தான். எட்டும் சேர்ந்தால் தொடக்கத்தில் நான்கு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 2 ஆம்பியர் அடாப்டர் வாங்கி, விளக்குகளை நான்கு நான்காகப் பிரித்து இரண்டு சுவிட்சுகள் வைத்ததும் சீரானது. ஒளியும் ஆயுளும் பார்த்து, மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைக்க, 1என்4007 வகை டையோடுகள் மூன்றை வரிசையாகச் சேர்த்திருக்கிறேன். பல்புக்குக் கிடைப்பது 9.7 வோல்ட். ஒளி பாதியானாலும் பழைய நிலையத்துக்கு அந்த மஞ்சள்தான் பொருந்துகிறது. ஏசியில் இப்படிக் குறைக்க வேண்டுமானால் எதிரெதிர்த் திசையில் பக்கம் பக்கமாக இணைத்த ஜோடிகளாகப் போட வேண்டும், இல்லையென்றால் பாதி அலை தடைபட்டுவிடும்.

கடைசிக் கம்பத்தில் மட்டும் 9.3 காட்டுகிறது. அங்கே போகும் கம்பி மிக மெல்லியது. அதை மாற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.