முன்பக்க யூஎஸ்பிக்கு விண்டோஸ் என்ன செய்யும்?

முன்பக்க யூஎஸ்பி வேலை செய்யாத கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே வசனத்தோடுதான் வருகிறார்கள்: "ஃபோர்மட் அடிச்சும் சரிவரல்ல அக்கா." எப்படிச் சரிவரும்? அதே பென்னை (பென் டிரைவை) பின்பக்கம் குத்தினால் எடுக்கிறதே. விண்டோஸ்தான் பழுது என்றால் பின்பக்கமும் சேர்ந்தல்லவா படுத்திருக்க வேண்டும்?

நான் திருகோணமலையில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் நடத்துகிறேன். போட்டோக்கொப்பி, பிரிண்ட், லெமினேட்டிங், ஒன்லைன் விண்ணப்பம், நேரம் கிடைத்தால் கேசிங் (கொம்பியூட்டர் பெட்டி) திறக்கிற வேலை. கடை டச் பே பக்கம். வாடைக் காற்று தொடங்கிவிட்டால் கடல் உப்பு நேரே உள்ளே வரும். ஜன்னல் கம்பியும் கத்தரிக்கோலும் துருப்பிடிக்கிற இடத்தில் யூஎஸ்பி துளைக்குள் இருக்கிற மெல்லிய தகடு மட்டும் தப்புமா?

முதலில் ஒரு விஷயம். பின்பக்கத் துளைகள் மதர்போர்ட்டிலேயே (உள்ளே இருக்கிற பிரதான சர்க்கிட் பலகையிலேயே) நேராகச் சோல்டர் பண்ணப்பட்டவை. முன்பக்கம் அப்படி இல்லை. முகப்புக்குப் பின்னால் ஒரு சின்ன சர்க்கிட் பலகை, அதிலிருந்து ஒரு வயர், வயர் முனையில் ஒரு பிளக், அது போய் ஏறுவதற்கு மதர்போர்ட்டில் சில ஊசிகள். இந்த நான்கில் எது பிசகினாலும் முன்பக்கம் போய்விடும், பின்பக்கத்துக்கு ஒன்றும் ஆகாது.

விண்டோஸா வயரா என்று பிரித்துப் பார்க்க ஸ்க்ரூ டிரைவர்கூடத் தேவையில்லை. வயருள்ள கீபோர்டைக் கழற்றி முன்பக்கத்தில் குத்திவிட்டு, கொம்பியூட்டரை ஒன் பண்ணி நேரே பயோஸுக்கு (விண்டோஸுக்கு முன் வருகிற செட்டிங் திரைக்கு) போங்கள். அங்கே விண்டோஸ் இன்னும் எழும்பவே இல்லை. அம்புக்குறி விசை வேலை செய்தால் வயர் பெரும்பாலும் நல்லம். பிறகு டிரைவரை (துளையை விண்டோஸோடு பேச வைக்கிற மென்பொருளை) பாருங்கள். பழைய விண்டோஸ் 7 போட்ட மெஷின்களில் நீல நிறத் துளை (வேகம் கூடிய யூஎஸ்பி 3) இப்படித்தான் ஏமாற்றும். யூஎஸ்பி 3க்கான டிரைவர் விண்டோஸ் 8இலிருந்துதான் கூடவே வருகிறது, 7க்குத் தனியாகப் போட வேண்டும். பயோஸிலும் கீபோர்ட் செத்துக் கிடந்தால், அதைப் பின்பக்கம் மாற்றிக் குத்தி, அங்கேயே யூஎஸ்பி துளைகளை யாராவது டிசேபிள் பண்ணி வைத்திருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, கேசிங்கைத் திறக்கலாம்.

திறக்க முதல் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஓஃப் பண்ணினால் மட்டும் போதாது. ஓஃப் ஆன மெஷினிலும் மதர்போர்ட்டுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கும். கழற்றிய பிறகு பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமத்திப் பிடித்தால் மிச்சமும் இறங்கிவிடும்.

உள்ளே தேட வேண்டியது இரண்டு வகைப் பிளக். யூஎஸ்பி 2க்கு 9 ஊசி: ஐந்தைந்தாக இரண்டு வரிசை, ஒரு மூலையில் மட்டும் ஊசி இருக்காது. யூஎஸ்பி 3க்கு 19 ஊசி உள்ள தடித்த பிளக். ஃபான் மாற்றியவர், ரேம் போட்டவர் யாராவது கை பட்டு இழுத்து, பிளக் பாதி கழன்று நிற்பதுதான் நான் அதிகம் கண்ட காரணம். அமத்தி விட்டால் முடிந்தது கதை. இதற்குக் காசு கேட்க எனக்கே ஒரு மாதிரி இருக்கும், கேட்பேன்தான்.

19 ஊசிப் பிளக்கை மட்டும் அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். ஊசிகள் மெல்லியவை, பிளக் இறுக்கமானது. கொஞ்சம் சரிந்து ஏறினாலும் ஒன்று மடங்கிப் பக்கத்து ஊசியைத் தொடும். மடங்கினதை தையல் ஊசி மாதிரி மெல்லிய நுனியுள்ள ஏதாவதால் ஒரே தடவையில் நிமிர்த்த வேண்டும்; இரண்டு பக்கமும் ஆட்டினால் முறிந்து கையோடு வரும்.

பழைய கேசிங்களில் இன்னொரு தலையிடி உண்டு. பிளக் ஒன்றாக இல்லாமல் சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு என்று ஒவ்வொரு வயரும் தனித்தனியாகத் தொங்கும். சிவப்பு 5 வோல்ட், வெள்ளை டேட்டா மைனஸ், பச்சை டேட்டா பிளஸ், கறுப்பு கிரவுண்ட். ஊசி இல்லாத மூலைக்கு எதிர் முனையில் சிவப்பு. அங்கிருந்து இதே ஒழுங்கில் வரிசையாக. இதை மாற்றிக் கொடுத்துவிட்டு "பென் சுடுது" என்று வந்தால் பென்னைக் காப்பாற்ற முடியாது. அதைவிட மோசம், பழைய மதர்போர்ட் சிலவற்றில் ஃபயர்வயருக்கும் (யூஎஸ்பி மாதிரி இன்னொரு வகை இணைப்பு) இதே வடிவத்தில் ஊசிகள் இருக்கும். அதில் 12 வோல்ட். ஏற்றுமுன் பக்கத்தில் எழுதியிருப்பதை டோர்ச் அடித்துப் படியுங்கள்.

ஒன் பண்ணியதும் யூஎஸ்பி ஓவர் கரண்ட் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து, 15 செக்கனில் தானே ஓஃப் ஆகிவிடுகிற மதர்போர்ட்களும் இருக்கின்றன. சனம் பவர் சப்ளை போய்விட்டது என்று பயந்து புதிதாக வாங்கிவிடுகிறது. அதற்கு முன் முன்பக்க வயரை மதர்போர்ட்டிலிருந்து கழற்றிவிட்டு ஒன் பண்ணிப் பாருங்கள். ஓஃப் ஆகாமல் நின்றால் குற்றவாளி முகப்பில்தான். டோர்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தால், தகடு வளைந்து சுற்றியிருக்கிற இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது உப்பும் தூசியும் சேர்ந்து பச்சையாகப் பூத்திருக்கும். பச்சை என்றால் ஐசோபுரோப்பைல் அல்கஹோலும் பழைய டூத் பிரஷும் போதும். நன்றாகக் காய விடுங்கள். தகடு வளைந்தது என்றால் நான் நோண்டுவதில்லை. முன்பக்க வயரைக் கழற்றியபடியே விட்டு, அந்தத் துளைக்கு ஒட்டுப்போட்டு மூடிவிடுவேன்.

பழுதே இல்லாமல் பழுது மாதிரித் தெரிவதும் உண்டு. மவுஸும் பென்னும் வேலை செய்யும், போர்ட்டபிள் ஹார்ட் (ஹார்ட் டிஸ்க்) மட்டும் டிக் டிக் என்று அடித்து விட்டுவிட்டு வரும். யூஎஸ்பி 2 துளை தருவதாகச் சொல்வது 500 மில்லி அம்பியர், யூஎஸ்பி 3 துளை 900. மலிவான கேசிங்கின் மெல்லிய வயர் வழியே அது போய்ச் சேருவதற்குள் வோல்ட் இறங்கிவிடும். ஹார்டைப் பின்பக்கம் குத்துங்கள். இன்னொன்று, ஹார்டில் கொப்பி ஓடும்போது மட்டும் வயர்லெஸ் மவுஸ் இழுத்து இழுத்துப் போவது. யூஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் மவுஸின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. இன்டெல்லே 2012இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மவுஸின் ரிசீவரைத் தள்ளி வேறு துளையில் குத்தினால் சரி.

நீலத் துளையில் பென் ஆமை மாதிரி ஓடினால், கழற்றி இன்னொரு தடவை விறுக்கென்று குத்துங்கள். மெதுவாக ஏற்றினால் முன்னுக்கு இருக்கிற யூஎஸ்பி 2 தகடுகள் முதலில் தொட்டு, அந்த வேகத்திலேயே நின்றுவிடுவதுண்டு.

கொமியூனிகேஷன் வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு. சாதாரண யூஎஸ்பி துளை குறைந்தது 1,500 தடவை குத்திக் கழற்றுவதைத் தாங்க வேண்டும் என்பது விதி. ஒரு நாளைக்கு 30 பென் வந்தால் 50 நாள். அதற்குப் பிறகும் ஓடும்தான், ஆனால் ஆட்டம் காணத் தொடங்கும். புரொஜெக்ட் பிரிண்ட் எடுக்க வருகிற ஏஎல் பிள்ளைகள் பென்னைக் கழற்றுகிற வேகத்தைப் பார்த்தால் 1,500 என்பதே பெரிய மனதுதான்.

"முகப்பை மாத்தித் தாங்க அக்கா" என்பார்கள். அந்தக் கேசிங்குக்கு அளவான முகப்பு இங்கே கிடைக்காது, கொழும்பில் தேடினாலும் சந்தேகம். அதனால் என் கடை மெஷினில் நான் முன்பக்கத்தைத் தொடுவதையே விட்டுவிட்டேன். பின்பக்கத் துளையிலிருந்து ஒரு மீற்றர் எக்ஸ்டென்ஷன் வயர் எடுத்து, அதன் முனையை மேசை விளிம்பில் கேபிள் டை போட்டு இறுக்கியிருக்கிறேன். வாடிக்கையாளர் பென் எல்லாம் அதில்தான். தேய்ந்தால் வயரை மட்டும் மாற்றினால் போதும். வாங்கும்போது தடித்ததாகப் பாருங்கள், தலைமுடி மாதிரி இருப்பதை எடுக்காதீர்கள். ஹார்டை மட்டும் அதில் போட விடமாட்டேன், அது நேரே பின்பக்கம்.