காமன் எரிந்த ஊரிலிருந்து கோலாலம்பூர் ஹோலிக்கு

நகக்கண்ணில் ஒட்டிய ரோஸ் பொடி இன்னும் போகவில்லை. மூன்று தடவை சோப்புப் போட்டாயிற்று. அது போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அறை. ஹோலிக்கு முந்தின நாள் சாயங்காலம், ஜாலான் ஈப்போ பக்கம் கம்போங் காசிப்பிள்ளையில் இருக்கும் லட்சுமி நாராயணன் கோயிலுக்குப் போகத் தெருமுனையில் நின்ற டாக்சியில் ஏறினேன். மீட்டரைப் போடுங்கள் என்றதற்கு, "ரோடெல்லாம் ஜேம்மா, மீட்டர் கட்டாது" என்றார். 45 வெள்ளி, அதாவது ரிங்கிட். கோயில் வாசலில் நின்ற சின்னம்மா மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "என்னக்கா இது! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போன்லயே காடி எடுத்திருப்பேனே, பதினஞ்சு வெள்ளிதான் வரும்!" காடி என்றால் இங்கே கார். மிச்சம் முப்பது வெள்ளிக்கு எனக்கு இரண்டு வேளை வாழையிலைச் சாப்பாடு. புத்ராஜெயா தடத்து எம்ஆர்டி ரயில் அந்தப் பக்கமே போகிறது. திரும்பும்போது அதில்தான் வந்தேன், ஐந்து வெள்ளி கூட ஆகவில்லை. மீட்டர் போடாத டாக்சியில் தயவுசெய்து ஏறாதீர்கள்.

கோயிலுக்குள் போனதும் கோபம் போய்விட்டது. நடுவில் விறகும் வறட்டியும் அடுக்கியிருந்தார்கள். வடநாட்டுக் குடும்பங்கள்தான் அதிகம். கையில் தேங்காயோடு பெண்கள் சுற்றி வந்தார்கள். தீ வைத்ததும் என் பக்கத்தில் நின்ற பாட்டி பேரனைத் தூக்கிக் காட்டி இந்தியில் கதை சொன்னார். பிரகலாதன், ஹோலிகா என்ற பெயர்கள் மட்டும் காதில் விழுந்தன, அதுவே போதுமாக இருந்தது. இரணியனின் தங்கை ஹோலிகா, தீ தன்னைச் சுடாது என்ற தைரியத்தில் பிரகலாதனை மடியில் வைத்துக்கொண்டு நெருப்பில் உட்கார்ந்தாள். அவள் எரிந்தாள், பிள்ளை பிழைத்தான்.

எனக்கோ அந்தத் தீயில் வேறொருவன் தெரிந்தான்.

நான் மயிலாடுதுறைப் பக்கம். சிவன் காமனை எரித்த இடம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். திருக்குறுக்கை, சிவன் வீரம் காட்டிய அட்டவீரட்டத் தலங்கள் எட்டில் ஒன்று. ஊரில் மாசி அமாவாசை கழிந்து பிறை கண்டதும் காமனை நடுவார்கள். ஆமணக்குக் கொம்பு, கரும்பு, அதில் வைக்கோல் பிரி சுற்றி, அடியில் வறட்டி. பௌர்ணமி ராத்திரி கொளுத்துவார்கள். பெரும்பாலும் அதே பௌர்ணமிதான் ஹோலிக்கும். கொளுத்துவதற்கு முன் விடிய விடிய லாவணி நடக்கும். மராட்டியர் காலத்தில் தஞ்சைக்கு வந்த பாட்டு அது. காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று எதிர்க்கட்சி, டேப் என்கிற தோல் வாத்தியத்தை அடித்துக் கேள்விக்குக் கேள்வி. என் தாத்தா எரியாத கட்சி. ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறவன் எப்படி எரிந்தவன் ஆவான் என்று அவர் கேட்டால் எதிரில் இருப்பவர் தடுமாறிப் போவார். இலங்கை மலையகத் தோட்டங்களில் இன்றும் காமன் கூத்து ஆடுகிறார்கள், கப்பலேறிப் போன நம் ஜனங்கள் கொண்டு போனது.

அதனால்தான் "ஹோலி நம்ம பண்டிகை இல்லையே" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுப்பதில்லை. வண்ணப்பொடி நம்முடையது இல்லை, சரி. அந்தப் பௌர்ணமியும் நெருப்பும் நம்முடையவைதான். உறையூர்ப் பங்குனி விழா அகநானூற்றிலேயே வருகிறது. வேனில் வந்தால் விழா எடுக்க யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் காலை வண்ணம். இங்கே ஹோலிக்குப் பொது விடுமுறை கிடையாது, சின்னம்மா மகள் அரை நாள் லீவு போட்டுத்தான் வந்தாள். உள்ளே நுழைந்த இரண்டாவது நிமிடம் முன்பின் தெரியாத ஒரு அம்மா என் இரண்டு கன்னத்திலும் பொடியைத் தடவிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மஞ்சள், பச்சை, ரோஸ் மூன்றும் வியர்வையில் குழைந்து கழுத்தில் இறங்கின. அந்தக் காலத்தில் புரச மரத்துப் பூவை ஊறவைத்துத்தான் காவி வண்ணம் எடுப்பார்களாம். புரசைவாக்கத்துக்குப் பேர் கொடுத்த அதே புரசு. இப்போது எல்லாம் பாக்கெட் பொடி. பழைய துணி உடுத்திப் போங்கள், தலைக்கும் கைக்கும் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் பூசிக்கொள்ளுங்கள். நான் கைக்குப் பூசவில்லை.

தின்னக் குஜியா கொடுத்தார்கள். நம் சோமாசியேதான், உள்ளே மட்டும் பொட்டுக்கடலைக்குப் பதில் கோவா. ஓரத்தை மடித்து மடித்துக் கயிறு முறுக்கினாற்போல் அழுத்தியிருந்த விதம்கூட அம்மா செய்வது மாதிரியே. நான்கு தின்றேன்.

பன்னிரண்டு மணிக்குப் பசி தாங்காமல் பிரிக்பீல்ட்ஸ் திரும்பி, வண்ணம் அப்பிய முகத்தோடு வாழையிலை முன்னால் உட்கார்ந்தோம். மொறுமொறு பாகற்காய் வறுவல், பரங்கிக்காய், மோர் மிளகாய், கேட்கக் கேட்க ரசம். ஆளுக்கு 12 வெள்ளி, ஒவ்வொரு காசுக்கும் தகும். பரிமாறியவர் என் முகத்தைப் பார்த்து, "ஊர்ல இருந்து வந்திருக்கீங்களா? அங்கயும் இது உண்டா?" என்று கேட்டார். இலையில் ரசம் ஓட ஓட அவருக்கு லாவணிக் கதையைச் சொன்னேன். அடுத்த மேசைக்குப் போனவர் கரண்டியோடு திரும்பி வந்து கேட்டார்: "அப்ப நீங்க எந்தக் கட்சிம்மா?"

எரியாத கட்சி என்றேன்.