இன்னொரு பக்க இடுப்பு: வார்டு நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

பாட்டி ஒருவர், 78 வயது, 44 கிலோ. இடுப்பு மூட்டில் வலது தொடை எலும்பின் கழுத்து ஒடிந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் இடது தொடையில் ஏற்கெனவே ஒரு கம்பி. போட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. பழைய டிஸ்சார்ஜ் சீட்டில் வலி மாத்திரை, கால்சியம் 500, "6 வாரம் கழித்து வரவும்". எலும்பு ஏன் ஒடிந்தது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

நின்ற இடத்திலேயே விழுந்து இந்த எலும்பு ஒடிந்தால் அது எலும்புப்புரை (எலும்பு உள்ளுக்குள் மெலிந்து பலமிழப்பது) என்றே எடுத்துக்கொள்ளலாம். மருந்து தொடங்க, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்காகக் காத்திருக்க வேண்டாம். போட்ட கம்பி ஒடிந்த பக்கத்தை மட்டுமே தாங்கும். மறுபக்கமும் அதே எலும்புதான், வீட்டில் இருப்பதும் அதே பாத்ரூம்தான்.

மார்ச் 4, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. பந்துப் பகுதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பின்பக்கமாகத் திறந்ததால், மூட்டு நழுவாமலிருக்க, தாழ்வான முக்காலி, இந்தியன் கழிவறை இரண்டும் கூடாது. நாளைக்கே எழுப்பி நிறுத்த வேண்டும்.

மார்ச் 8, சனி

"வழுக்கி விழுந்துட்டாங்க" என்று மருமகள் சொன்னதுதான் கேஸ் ஷீட்டிலும் இருக்கிறது. எல்லாருடைய கேஸ் ஷீட்டிலும் அதேதான் இருக்கும். இன்று தனியாகக் கேட்டோம்.

"பாட்டி, கால் வழுக்குச்சா, கண்ணு இருட்டுச்சா?"

"வழுக்கலப்பா. ராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிச்சேன். அவ்வளவுதான் தெரியும்."

ஐந்து நிமிடம் படுக்க வைத்து எடுத்த பிரஷர் 148/84. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் 118/72, மூன்றாவது நிமிடத்தில் 122/74. மேல் அளவு 20 இறங்கினாலே கணக்கில் எடுக்க வேண்டும், இங்கே 30. ஆனால் ஆபரேஷனில் ரத்தம் போன நாள்களில் எடுத்த அளவை மட்டும் நம்பக் கூடாது. ஹீமோகுளோபின் தேறியபின் மறுபடி பார்க்க வேண்டும்.

மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்ததில், நீர் பிரியும் மருந்து கலந்த பிரஷர் மாத்திரையை இரவில் போட்டிருக்கிறார். கூடவே தூக்கத்துக்கு அல்பிரசோலம் 0.5, பல வருடமாக. நடுராத்திரி எழுப்புவது ஒரு மாத்திரை, தள்ளாட வைப்பது இன்னொன்று. பிரஷர் மாத்திரையை மாற்ற மருத்துவரிடம் சொல்லியாயிற்று. தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

வைட்டமின் டி 11, மிகக் குறைவு. வாரம் ஒரு 60,000 யூனிட், எட்டு வாரம். "ஒரே ஊசியில் முடித்துவிடலாமே" என்று மகன் கேட்டார். ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் மொத்தமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவில் விழுவதும் எலும்பு முறிவும் கூடித்தான் இருந்தன.

அடுத்தது ஜோலெட்ரோனிக் ஆசிட் 5 மில்லிகிராம், எலும்பைக் காக்க வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்து. இடுப்பு ஒடிந்து ஆபரேஷன் ஆனவர்களிடமே நடத்தி 2007இல் வெளியான ஆய்வில் புதிய முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன. ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரமாவது போகட்டும். டி குறைவாக இருக்கும்போது போட்டால் ரத்தத்தில் கால்சியம் சரிந்துவிடலாம்.

சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 0.9. லேப் சீட்டில் "நார்மல்". வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 35.8தான், 35க்குக் கீழே போனால் இந்த மருந்தே கூடாது. மெலிந்த பாட்டிகளிடம் 0.9 இப்படித்தான் ஏமாற்றும். வலி மாத்திரையில் சிறுநீரகத்துக்கு ஆகாத டைக்ளோஃபெனாக் இருந்தது, நிறுத்தியாயிற்று. தண்ணீர் நன்றாகக் குடிக்க வைத்து, போடுவதற்கு முன் மறுபடி ஒரு டெஸ்ட். இந்த மருந்து அரிதாகத் தாடை எலும்பைப் பாதிக்கும் என்பதால், ஆடுகிற பல், பிடுங்க வேண்டிய பல் உண்டா என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

வீட்டு பாத்ரூமை மருமகள் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினார். போன தடவை வாங்கிய வாக்கர் வெளியே சுவரில் சாய்ந்திருக்கிறது. ஏன் என்று கேட்டு அளக்கச் சொன்னோம். கதவு வழி 22 அங்குலம், வாக்கர் 24. ஆக, வாக்கர் வாசலோடு நின்றுவிட, உள்ளே மூன்றடி தூரம் குழாயைப் பிடித்துக்கொண்டு ஈரத்தரையில் நடை. வாங்கும்போதே கதவை அளப்பவர் யாருமில்லை.

துண்டு போடும் கம்பி கைப்பிடி ஆகாது. உடல் எடை விழுந்தால் டைல்ஸோடு பெயர்ந்து வரும். உறிஞ்சி ஒட்டும் ரப்பர் கைப்பிடியும் வேண்டாம். தரையிலிருந்து 85 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில், செங்கல் வரை துளைத்து ஆங்கர் போல்ட் போட்ட ஸ்டீல் கைப்பிடி வேண்டும். இரவுக்குக் கட்டிலோரம் கமோடு நாற்காலி. வழியில் ஜீரோ வாட்ஸ் பல்பு.

மார்ச் 18, செவ்வாய்

நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் வாக்கர் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். இவருடையது இரண்டு துளை உயரம் அதிகம். காலடி ரப்பர் ஒன்று தேய்ந்து அலுமினியம் தெரிகிறது. புதிது வாங்கியாயிற்று.

கையூன்றும் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை, காலையும் மாலையும்.

மார்ச் 24, திங்கள்

திரும்ப எடுத்ததில் கிரியாட்டினின் 0.8, கிளியரன்ஸ் 40. முன்னதாக இரண்டு டம்ளர் தண்ணீர். மருந்தை 30 நிமிடத்தில் ஏற்றினோம். 15க்குள் ஓடவிடவே கூடாது. இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பாராசிட்டமால் போதும் என்று முன்கூட்டியே சொல்லியாயிற்று. சொல்லாவிட்டால் அடுத்த வருடம் வர மாட்டார்கள்.

நின்று எடுத்த பிரஷர் இன்று 134/78, படுத்து 146/82. டிஸ்சார்ஜ் சீட்டின் தலைப்பிலேயே எழுதியது: அடுத்த டோஸ் 2026 மார்ச். மருமகள் போனில் அலாரம் வைத்துக்கொண்டார்.